லட்சம் ஆண்டு நஞ்சை அளப்பது: அணுக்கழிவில் நெடுங்கால ஐசோடோப்புகள்

2018 செப்டம்பரில் ஜப்பானின் டெப்கோ மின்சார நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. புகுஷிமா டாயிச்சி அணுமின் நிலைய வளாகத்தில் தொட்டி தொட்டியாகத் தேக்கிவைத்திருந்த சுத்திகரித்த நீரில், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடலில் விடுவதற்கான வரம்பைத் தாண்டிய கதிரியக்கத்துடன் இருந்தது. அதற்கு முன் மக்கள் கேட்டு வந்த செய்தி வேறு. 'ஆல்ப்ஸ்' என்னும் சுத்திகரிப்பு அமைப்பு 62 வகைக் கதிரியக்க ஐசோடோப்புகளை நீக்கிவிடுகிறது, மிஞ்சுவது டிரிட்டியம் ஒன்றுதான் என்றே பரவலாகச் சொல்லப்பட்டது. உண்மையில் மிஞ்சியவற்றுள் ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது, ருத்தேனியம்-106 இருந்தது. கூடவே அயோடின்-129-உம் இருந்தது. லிட்டருக்கு 9 பெக்கரல் (நொடிக்கு 9 அணுச்சிதைவு) என்பது அயோடின்-129-க்கு ஜப்பான் விதித்த வரம்பு. சில மாதிரிகளில் அது 60-ஐத் தாண்டியிருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. வழக்கமான சோதனைகளில் ஏழு ஐசோடோப்புகளை மட்டுமே தனித்தனியாக அளந்து வந்தார்கள். நீரிலிருந்து வரும் மொத்த பீட்டா கதிர்வீச்சையும் அளந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது கணக்கு இடித்தது. ஏழின் கூட்டுத்தொகையைவிட மொத்தம் கூடுதலாக இருந்தது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான், 62-இன் பட்டியலிலேயே இல்லாத கார்பன்-14-உம், பட்டியலில் இருந்தும் அன்றாடம் அளக்கப்படாத டெக்னீசியம்-99-உம் காரணம் என்று தெரிந்தது. கார்பன்-14-இன் அளவு வரம்புக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அது இருக்கிறது என்பதே 2020 வாக்கில்தான் பொதுவெளிக்கு வந்தது.

உலகின் கூர்ந்த கண்காணிப்பில் இருந்த ஒரு நிலையத்தில், தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள ஒரு நாட்டில், இப்படி எப்படி நடந்தது? அலட்சியம் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கும் அடியில் ஓர் அறிவியல் சிக்கல் இருக்கிறது. அணுக்கழிவில் மிக நீண்ட காலம் நீடிப்பவையே அளப்பதற்கு மிகக் கடினமானவை. அளக்கக் கடினம் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் அளப்பதில்லை, கணக்கிட்டு எழுதிக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கே நியாயமானது, எங்கே ஆபத்தானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெல்லச் சிதைவதும் நெடுநாள் இருப்பதும்

கதிரியக்கத்தின் அடிப்படை விதி எளியது. ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பது, அதில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும் அதன் அரை ஆயுளுக்கு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) எதிர்விகிதத்திலும் இருக்கும். சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. ஒரு கிராமில் நொடிக்கு ஏறத்தாழ 3.2 லட்சம் கோடி அணுக்கள் சிதைகின்றன. அயோடின்-129-இன் அரை ஆயுள் 1 கோடியே 57 லட்சம் ஆண்டு. ஒரு கிராமில் நொடிக்குச் சிதைவது சுமார் 65 லட்சம் அணுக்கள்தான். ஒரே எடை, ஆனால் ஐந்து லட்சம் மடங்கு வேறுபாடு.

300 ஆண்டு கழித்துப் பார்த்தால், பத்து அரை ஆயுளைக் கடந்த சீசியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அயோடின் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்றைய கருவியின் முள்ளை ஆட்டுவது ஒன்று, நம் கொள்ளுப்பேரனின் கொள்ளுப்பேரனைத் தாண்டி நிற்கப்போவது வேறொன்று. கதிர்வீச்சு மானியை ஒரு பீப்பாயின் மேல் வைத்து "அளவு குறைவு" என்று சொல்பவர், முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

எண்களில் இதை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்காவில் குடிநீரில் அயோடின்-129-க்கான வரம்பு லிட்டருக்கு 1 பிக்கோகியூரி, அதாவது 0.037 பெக்கரல். அந்த வரம்பில் உள்ள ஒரு லிட்டர் நீரில் 27 நொடிக்கு ஓர் அணு சிதையும். அதே லிட்டரில் இருக்கும் அயோடின்-129 அணுக்களோ 26 லட்சம் கோடி. அவற்றின் மொத்த எடை ஆறு நானோகிராமுக்கும் குறைவு. சிதைவை எண்ண உட்கார்ந்தால் 27 நொடிக்கு ஒருமுறைதான் ஏதாவது நடக்கும். அணுக்களையே நேரடியாக எண்ண முடிந்தால் கோடிக்கணக்கில் எண்ணுவதற்கு இருக்கிறது. ஓர் ஊரின் மக்கள்தொகையை அறிய அன்றாடச் சாவுகளை எண்ணலாம், அல்லது வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணலாம். குறுகிய ஆயுள் கொண்ட ஐசோடோப்புக்கு முதல் வழி போதும். நீண்ட ஆயுள் கொண்டதற்கு இரண்டாம் வழிதான் கைகொடுக்கும். இத்துறையின் கடந்த ஐம்பதாண்டு வரலாறே முதல் வழியிலிருந்து இரண்டாம் வழிக்கு நகர்ந்த வரலாறு.

எவை, எங்கிருந்து வருகின்றன

நெடுங்கால ஐசோடோப்புகள் மூன்று வழிகளில் பிறக்கின்றன. முதலாவது, யுரேனியம் பிளக்கும்போது கிடைக்கும் துண்டுகள்: டெக்னீசியம்-99 (2.11 லட்சம் ஆண்டு), வெள்ளீயம்-126 (சுமார் 2.3 லட்சம்), செலினியம்-79 (சுமார் 3.3 லட்சம்), சிர்கோனியம்-93 (15 லட்சத்துக்கு மேல்), பல்லேடியம்-107 (65 லட்சம்), சீசியம்-135, அயோடின்-129. நூறு பிளவில் ஆறு, டெக்னீசியம்-99-ஐத் தருகின்றன. நன்கு எரிந்த ஒரு டன் எரிபொருளில் அது ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும்.

இரண்டாவது, உலையின் உலோகம், கான்கிரீட், கிராஃபைட், குளிர்நீர் ஆகியவை நியூட்ரானை உறிஞ்சி மாறியவை: கார்பன்-14 (5,700 ஆண்டு), நையோபியம்-94 (சுமார் 20,000), நிக்கல்-59 (76,000), கால்சியம்-41 (சுமார் 1 லட்சம்), குளோரின்-36 (3 லட்சம்). மூன்றாவது, யுரேனியமே நியூட்ரானை விழுங்கி உருவாகும் கன அணுக்கள்: புளூட்டோனியம்-239 (24,110 ஆண்டு), அமெரிசியம்-243 (7,370), நெப்டூனியம்-237 (21 லட்சம்).

பொதுமக்களின் அச்சம் மூன்றாவது வகையின் மீதே, குறிப்பாகப் புளூட்டோனியத்தின் மீதே குவிந்திருக்கிறது. உடலுக்குள் சென்றால் அது கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆழத்தில் புதைத்த கழிவிலிருந்து எது முதலில் தப்பி வரும் என்று கேட்டால் விடை வேறு. புளூட்டோனியம் களிமண்ணிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும். அயோடினும் குளோரினும் எதிர்மின் அயனிகளாக நீரில் கரையும். டெக்னீசியமும் ஆக்சிஜன் உள்ள நீரில் பெர்டெக்னேட் என்ற எதிர்மின் அயனியாகிக் கரையும். மண் துகள்களும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் இவை எதிலும் ஒட்டாமல் நிலத்தடி நீருடன் போகும். பிரான்சின் பூர் பகுதியில் களிமண் படுகையில் திட்டமிடப்படும் புதைப்பிடத்துக்கான ஆய்வுகளில் முன்னணியில் நிற்பவை அயோடின்-129, குளோரின்-36, செலினியம்-79. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் கீழே பாறையில் குடைந்துள்ள ஒன்காலோவின் ஆய்வுகளில் அயோடின்-129, குளோரின்-36, கார்பன்-14 ஆகியவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஒரு புதைப்பிடம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கான விடை, அளக்கக் கடினமான இந்தச் சில பெயர்களில்தான் தொங்குகிறது.

கதிரை எண்ணும் வழி

காமா கதிர் வீசும் ஐசோடோப்புகளை அளப்பது எளிது. காமா கதிர் பீப்பாயின் இரும்பையும் ஊடுருவி வரும். ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைத்த ஜெர்மானியம் உணர்கருவியைப் பீப்பாய்க்கு எதிரே நிறுத்தினால், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சீசியம்-137-உம், 1173, 1332-இல் கோபால்ட்-60-உம் கூர்முனைகளாகத் தெரியும். பீப்பாயைத் திறக்கவே வேண்டாம்.

டெக்னீசியம்-99, கார்பன்-14, நிக்கல்-63, குளோரின்-36 ஆகியவற்றுக்கு இந்த வசதி இல்லை. அவை நடைமுறையில் பீட்டா துகளை மட்டுமே வீசுகின்றன. பீட்டா துகள் பீப்பாயின் சுவரைக் கூடத் தாண்டாது. அதற்குக் குறிப்பிட்ட ஒரே ஆற்றலும் கிடையாது. பூச்சியத்திலிருந்து ஓர் உச்சம் வரை பரவிக் கிடக்கும். பத்து பீட்டா ஐசோடோப்புகள் கலந்திருந்தால் யாருடைய துகள் எது என்று பிரிக்க முடியாது. ஆகவே மாதிரி எடுத்து, கரைத்து, வேதியியல் முறையில் ஒவ்வொரு தனிமத்தையும் தனியே பிரித்த பிறகுதான் எண்ண முடியும்.

டெக்னீசியத்துக்கு அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நீரைச் சுத்திகரிக்கப் பயன்பட்டுக் கழிவான பிசினில் சில கிராமை எடுத்து, அம்மோனியா சேர்த்து நனைத்து, மெதுவாகச் சூடேற்றிச் சாம்பலாக்க வேண்டும். சூடு மிஞ்சினால் டெக்னீசியம் ஆவியாகிப் போய்விடும். சாம்பலை அமிலத்தில் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் டெக்னீசியம் பெர்டெக்னேட்டாக மாறும். பிறகு இரும்பு ஹைட்ராக்சைடைப் படியவைத்தால் கோபால்ட் போன்றவை அந்தப் படிவோடு போய்விடும். டெக்னீசியம் கரைசலில் நிற்கும். அந்தக் கரைசலை எதிர்மின் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிசின் குழாயின் வழியே விட்டு, கழுவி, கடைசியில் செறிந்த நைட்ரிக் அமிலத்தால் டெக்னீசியத்தை இறக்க வேண்டும்.

இத்தனை படிகளில் எவ்வளவு வீணாயிற்று என்று எப்படி அறிவது? இங்கே ஓர் அழகான உத்தி இருக்கிறது. மருத்துவமனைகளில் எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் அதே தனிமம்தான். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம், எளிதில் அளக்கக்கூடிய காமா வீசும். அதில் அறிந்த அளவைத் தொடக்கத்திலேயே மாதிரியில் கலந்துவிடுவார்கள். முடிவில் அதில் எத்தனை சதவீதம் வந்து சேர்ந்ததோ, அத்தனை சதவீதமே டெக்னீசியம்-99-உம் வந்து சேர்ந்திருக்கும். பிறகு ஒரு வாரம் காத்திருப்பார்கள். அதற்குள் 99எம் முற்றிலும் அடங்கிவிடும். அதன் பின்னரே மாதிரியைச் சின்டிலேஷன் திரவத்தில் கலந்து, ஒவ்வொரு பீட்டா துகளும் எழுப்பும் மெல்லிய ஒளியை எண்ணுவார்கள். ஒரே ஒரு ஐசோடோப்பின் ஒரே ஒரு எண்ணுக்கு இத்தனை நாள் உழைப்பு. ஆயிரக்கணக்கான பீப்பாய்களுக்கு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அணுவை எண்ணும் வழி

நிறை நிறமாலைமானி சிதைவுக்காகக் காத்திருப்பதில்லை. மாதிரியைச் சுமார் 7,000 டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்து, அணுக்களை அயனிகளாக்கி, நிறை வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஐசிபி-எம்எஸ் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் இக்கருவி, நெடுங்கால ஐசோடோப்புகளின் அளவீட்டை மாற்றிப்போட்டது. புளூட்டோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 239, 240 இரண்டும் வீசும் ஆல்ஃபா துகள்களின் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஆல்ஃபா முறையில் இரண்டையும் சேர்த்தே சொல்ல முடியும். நிறை நிறமாலைமானி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கும் ஓர் எதிரி உண்டு: ஐசோபார்கள், அதாவது வெவ்வேறு தனிமங்களின் ஒரே நிறையுள்ள அணுக்கள். டெக்னீசியம்-99-ஐ எண்ணும் இடத்தில் இயற்கையான ருத்தேனியம்-99-உம் வந்து விழும். சீசியம்-135-க்குப் பேரியம்-135, பல்லேடியம்-107-க்கு வெள்ளி-107, கால்சியம்-41-க்குப் பொட்டாசியம்-41. அயோடின்-129-க்கோ, பிளாஸ்மாவை உண்டாக்கும் ஆர்கான் வாயுவிலேயே மாசாகக் கலந்திருக்கும் செனான்-129. பேரியமும் பொட்டாசியமும் சுற்றுச்சூழலில் எங்கும் நிறைந்தவை. தேடும் அணு ஒன்று என்றால் தொல்லை தரும் அணு கோடி.

இந்தச் சிக்கலை வேதியியலாலேயே அவிழ்க்கிறார்கள். கருவிக்கு உள்ளேயே ஒரு சிறிய அறையில் வினைபுரியும் வாயுவைச் செலுத்துகிறார்கள். ஆக்சிஜனைச் செலுத்தினால் செனான் அயனி தன் மின்னூட்டத்தை இழந்து விலகும், அயோடின் தொடரும். நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தினால் பேரியம் ஆக்சைடாகி நிறை மாறிவிடும், சீசியம் அப்படியே செல்லும். 2012-இல் சந்தைக்கு வந்த 'மும்மை நான்முனை' வகைக் கருவிகள் இந்த வேலையை நம்பகமாகச் செய்கின்றன.

இன்னும் நுட்பம் வேண்டுமானால் முடுக்கி நிறை நிறமாலையியலை நாட வேண்டும். 1977-இல் வட அமெரிக்க ஆய்வகங்களில் பிறந்த இம்முறையில் அணுக்களை முதலில் எதிர்மின் அயனிகளாக்கி, முடுக்கியில் வேகப்படுத்தி எண்ணுகிறார்கள். செனான் நிலையான எதிர்மின் அயனியாக மாறாது. எனவே அயோடின்-129-இன் பெரும் எதிரி வாசலிலேயே நின்றுவிடுகிறது. கார்பன்-14-க்கு நைட்ரஜனும் அவ்வாறே. அணு யுகத்துக்கு முன் கடலில் ஒரு லட்சம் கோடி சாதாரண அயோடின் அணுக்களுக்கு ஒன்றிரண்டு அயோடின்-129 அணுக்கள்தான் இருந்தன. அந்த அளவையும் எண்ணும் திறன் இம்முறைக்கு உண்டு.

விகிதத்தால் நிரப்பும் கணக்கு

இத்தனை முறைகள் இருந்தும் உலகெங்கும் பீப்பாய்களின் மீது ஒட்டியிருக்கும் எண்களில் பெரும்பகுதி நேரடி அளவீடு அல்ல. எளிதில் அளக்கக்கூடிய ஓர் ஐசோடோப்பை அளந்து, அதை ஒரு விகிதத்தால் பெருக்கி மற்றவற்றை எழுதுகிறார்கள். கோபால்ட்-60-இலிருந்து நிக்கல்-63, நிக்கல்-59, நையோபியம்-94. சீசியம்-137-இலிருந்து ஸ்ட்ரான்சியம்-90, டெக்னீசியம்-99, அயோடின்-129. ஒரு நிலையத்தின் சில மாதிரிகளை முழுமையாகப் பகுத்தாய்ந்து விகிதத்தைக் கண்டறிந்து, மற்ற பீப்பாய்களுக்கு அதையே பயன்படுத்தும் இந்த முறைக்கு 2007-இல் ஐஎஸ்ஓ 21238 என்ற சர்வதேசத் தரநிலையும் வந்தது.

ஒரே இடத்தில் பிறந்து, நீரில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தனிமங்களுக்கு இம்முறை நியாயமானது. உலையின் உருக்கில் கோபால்ட்டும் நிக்கலும் ஒன்றாகவே உருவாகி ஒன்றாகவே துருவோடு பயணிக்கின்றன. சீசியத்துக்கும் டெக்னீசியத்துக்கும் அந்த உறவு இல்லை. சீசியம் நேர்மின் அயனி. டெக்னீசியமும் அயோடினும் எதிர்மின் அயனிகள். ஒரு வடிகட்டி சீசியத்தைப் பிடிக்கும்போது அயோடினை விட்டுவிடலாம். மறுசுழற்சி ஆலையில் எரிபொருளைக் கரைக்கும்போதே அயோடின் வாயுவாக வெளியேறப் பார்க்கும்; டெக்னீசியத்தில் ஒரு பகுதி யுரேனியத்தோடு போய்ச் சேரும்; சீசியம் அமிலக் கழிவில் தங்கும். கழிவைப் பக்குவப்படுத்தும் ஒவ்வொரு படியும் இந்த விகிதத்தைக் கலைக்கிறது. புகுஷிமாவில் நடந்ததும் இதுவே. சீசியத்தை மிகச் சிறப்பாக நீக்கிய நீரில் அயோடினும் டெக்னீசியமும் கார்பனும் எவ்வளவு எஞ்சும் என்பதைச் சீசியத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். அளந்தும் எதுவும் தென்படாதபோது, கருவியின் கண்டறியும் எல்லையையே அளவு என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பாதுகாப்பான பக்கம் சாய்வதாகத் தோன்றும் இந்தப் பழக்கம் வேறொரு கேட்டைச் செய்தது. அமெரிக்காவில் டிரிட்டியம், கார்பன்-14, டெக்னீசியம்-99, அயோடின்-129 நான்கும் இப்படி உண்மைக்கு மிஞ்சிய அளவில் கணக்கில் ஏறின. ஒரு புதைப்பிடத்துக்கு அனுமதித்த மொத்த அளவு, இல்லாத பொருளாலேயே நிரம்பும் நிலை. அந்நாட்டின் அணு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் திருத்துவதற்காக 2015-இல் தனிச் சுற்றறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. "கண்டறியும் எல்லைக்குக் கீழ்" என்பது ஒரு தகவல். அதை ஓர் அளவாக மாற்றி எழுதினால் அது பொய்த் தகவல். கண்டறியும் எல்லையை எப்படி வரையறுக்க வேண்டும் என்று லாயிட் கரி 1968-லேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்.

அரை ஆயுளே மாறும்போது

அளந்த எண்ணைப் பொருள்கொள்ள அரை ஆயுள் துல்லியமாகத் தெரிய வேண்டும். நீண்ட ஆயுள் கொண்டவற்றுக்கு அதுவே எளிதல்ல. லட்சம் ஆண்டு காத்திருந்து பாதியாவதைப் பார்க்க முடியாது. ஒரு தூய மாதிரியில் அணுக்களின் எண்ணிக்கையைத் தனியாகவும் சிதைவு வீதத்தைத் தனியாகவும் அளந்து வகுக்க வேண்டும். இரண்டில் எது பிசகினாலும் விடை பிசகும்.

செலினியம்-79 இதற்குச் சான்று. அதன் அரை ஆயுள் 65,000 ஆண்டு என்று பல பத்தாண்டுகள் அட்டவணைகளில் இருந்தது. 1990-கள் முதல் நடந்த மறு அளவீடுகள் அதை மேலும் கீழுமாக மாற்றி, கடைசியில் 2010-இல் 3.27 லட்சம் ஆண்டு என்ற மதிப்புக்கு வந்தன. ஐந்து மடங்கு வேறுபாடு. எரிபொருள் கணக்கீட்டிலிருந்து அணுக்களின் எண்ணிக்கையை எடுத்து, அதிலிருந்து கதிரியக்கத்தைப் பெற்ற அறிக்கைகளில் எல்லாம் செலினியத்தின் கதிரியக்கம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அது நீடிக்கும் காலமோ ஐந்து மடங்காயிற்று. மாலிப்டினம்-93-க்கு 4,000 ஆண்டு என்றிருந்த மதிப்பை 2021-இல்தான் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகம் நேரடியாக அளந்து 4,839 ஆண்டு என்று திருத்தியது.

இவ்வளவு நீண்ட காலத்துக்கு இயற்கையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1972-இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தை அளந்தபோது, யுரேனியம்-235-இன் பங்கு 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 என்று வந்தது. ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற அந்தச் சிறு குறையை அவர்கள் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், 200 கோடி ஆண்டுக்கு முன் நிலத்தடியில் தானாகவே இயங்கிய அணு உலைகள் இருந்ததை உலகம் அறிந்திருக்காது. அங்கிருந்த டெக்னீசியம் எப்போதோ சிதைந்து ருத்தேனியம்-99 ஆகிவிட்டது. அந்த ருத்தேனியம் எங்கே மிகுந்திருக்கிறது என்று அளந்து, டெக்னீசியம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் ஆய்வாளர்கள் கணித்தார்கள். துல்லியமான ஓர் அளவீடு தரும் அறிவுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தவறவிட்டதன் விலை

இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1994-இல் ஒரு புதிய சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. கடலில் கலக்கும் புளூட்டோனியத்தையும் அமெரிசியத்தையும் அது வெகுவாகக் குறைத்தது. டெக்னீசியத்தைப் பிடிக்க அதனிடம் வழியில்லை. தேக்கிவைத்திருந்த பழைய கழிவு அதன் வழியே போனபோது, 1995-இல் கடலில் கலந்த டெக்னீசியம்-99 சுமார் 190 டெராபெக்கரல் என்ற உச்சத்தை எட்டியது. ஐரிஷ் கடலின் சிங்கி இறால்கள் அதைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டன. கடல் நீரோட்டம் அதை நார்வே கரை வரை கொண்டுபோனது. அங்கே பழுப்புக் கடற்பாசிகளில் அது தென்பட்டது. நார்வே அரசின் எதிர்ப்பு பல ஆண்டு நீடித்தது. 2004-இல் டெக்னீசியத்தைப் படியவைக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகே வெளியேற்றம் சரிந்தது. சிங்கி இறாலிலும் பாசியிலும் டெக்னீசியத்தைத் தனியே பிரித்து அளந்தவர்கள் இருந்ததால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று. காமா அளவீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜெர்மனியின் அஸ்ஸே கதை இன்னும் கனமானது. ஒரு பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். 1988 முதல் உள்ளே நீர் கசிகிறது. அங்குள்ள புளூட்டோனியம் 9.6 கிலோ என்றிருந்த கணக்கு, 2009-இல் 28 கிலோ என்று திருத்தப்பட்டது. ஆவணங்களை மறுபடி ஆராய்ந்ததில் கிடைத்த திருத்தம் அது. பீப்பாய்களை அணுகி அளப்பதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. அவற்றை வெளியே எடுக்க வேண்டும் என்று 2013-இல் சட்டமே இயற்றியும், அந்தப் பணி தலைமுறைக் கணக்கில் நீள்கிறது.

கல்பாக்கமும் கூடங்குளமும்

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய இரண்டு கனநீர் உலைகளிலும் தலா 306 குளிர்விப்புக் குழாய்கள் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் பழைய சிர்கலாய் குழாய்களை முழுவதுமாக எடுத்துவிட்டு, 2.5 சதவீதம் நையோபியம் கலந்த சிர்கோனியம் குழாய்களைப் பொருத்தினார்கள். எடுத்த குழாய்களில் சிர்கோனியம்-93 இருக்கும். புதிய குழாய்கள் ஒருநாள் கழிவாகும்போது அவற்றில் நையோபியம்-94 இருக்கும். நையோபியம்-94 காமா வீசக்கூடியதுதான். ஆனால் அதன் 703, 871 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முனைகள் கோபால்ட்-60-இன் சிதறல் பின்னணியில் மூழ்கிவிடும். வேதிப் பிரிப்பு இல்லாமல் அதை நம்பகமாக அளப்பது கடினம். கல்பாக்கத்திலேயே எரிபொருள் மறுசுழற்சி ஆலையும் இருக்கிறது. விகிதங்கள் கலைவது அத்தகைய ஆலையில்தான்.

கூடங்குளத்தில் 2013-இலும் 2016-இலும் மின்கட்டமைப்பில் இணைந்த இரண்டு 1,000 மெகாவாட் உலைகளின் எரிந்த எரிபொருள் அங்கேயே இருக்கிறது. கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே எரிபொருளைச் சேமிக்கும் அமைப்பையும் நிரந்தர ஆழ்நிலப் புதைப்பிடத்தையும் விரைவில் ஏற்படுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, புதைப்பிடத்துக்கான இடமாகக் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் நீதிமன்றத்தில் அடிபட்டவுடன் அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். கூடங்குளம் சேமிப்பு அமைப்புக்காக 2019 ஜூலையில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆழ்நிலப் புதைப்பிடம் இந்தியாவில் இன்னும் இல்லை.

இதை ஒரு வாய்ப்பாகவே நான் பார்க்கிறேன். நம் கழிவு இன்னும் ஆழத்தில் மூடப்படவில்லை. அணுகக்கூடிய இடத்தில் இருக்கிறது. அஸ்ஸேயில் கைநழுவிய காலம் நம் கையில் இருக்கிறது. கல்பாக்கத்தின் வேதியியலாளர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் கார்பன்-14 எண்ணும் முடுக்கியும் இருக்கிறது. தேவைப்படுவது மனமும் விதியும்.

செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து என் முடிவுகளைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். எல்லாப் பீப்பாயையும் திறக்கச் சொல்லவில்லை. விகித முறை தேவை. ஆனால் அந்த விகிதம் ஒவ்வொரு கழிவு வகைக்கும் தனியாக, வேதிப் பிரிப்பும் நிறை நிறமாலையியலும் கொண்டு நிறுவப்பட வேண்டும். சீசியத்திலிருந்து அயோடினையும் டெக்னீசியத்தையும் கணக்கிடும் வழக்கம், பக்குவப்படுத்திய கழிவுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, தனித்தனி எண்களின் கூட்டுத்தொகையை மொத்த அளவீட்டோடு எப்போதும் ஒப்பிட வேண்டும். புகுஷிமாவில் கார்பன்-14-ஐக் காட்டிக்கொடுத்தது இந்த எளிய சரிபார்ப்புதான். அங்கே இப்போது ஏறத்தாழ 30 ஐசோடோப்புகளை அளந்த பிறகே 2023 ஆகஸ்ட் முதல் நீரை வெளியேற்றுகிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வகங்களும் தனியே அளந்து ஒப்பிடுகின்றன. அந்த ஒழுங்கு முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் மக்களின் நம்பிக்கை இவ்வளவு சிதைந்திருக்காது.

மூன்றாவது, பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே அது எந்த முறையில் வந்தது, பிழை எவ்வளவு, எந்த அரை ஆயுளைப் பயன்படுத்தியது என்று எழுத வேண்டும். கண்டறியும் எல்லையை அளவாக எழுதக்கூடாது. மாதிரிகளில் ஒரு பகுதியைப் பாதுகாத்துவைக்க வேண்டும். நாளை இன்னும் நுட்பமான கருவி வரும்போது மறுபடி அளக்க அதுவே வழி. நான்காவது, அந்தப் பதிவேடு பொதுவெளியில் இருக்க வேண்டும்.

அணுசக்தி வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதில் ஒன்றுபட முடியும். நாளையே எல்லா உலைகளையும் நிறுத்தினாலும் இதுவரை சேர்ந்த கழிவு நம்மோடுதான் இருக்கும். எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பகுதியில் அணுக்கழிவு பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், "கதிர்வீச்சு அபாயமானதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அயோடின்-129, டெக்னீசியம்-99, கார்பன்-14 ஆகியவை எவ்வளவு இருக்கின்றன, அந்த எண்கள் அளந்தவையா அல்லது கணக்கிட்டவையா, அளந்தவர் யார் என்று கேளுங்கள். எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.